வெண்பனி சரியும் விதம்



திருவொற்றியூரில் பிறந்து, எண்ணூர்க் கடற்கரையில் விளையாடி வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் பனி என்றால், மார்கழி விடியலில் படகின் விளிம்பிலும் வலையின் கண்ணிகளிலும் துளித்துளியாகத் தங்கும் ஈரந்தான். இத்தகைய ஊரைச் சேர்ந்த ஒருவன், இமயத்தின் வெண்பனியைப் பற்றியும், அது மலைச்சாய்வினின்றும் பெயர்ந்து விழுகின்ற பனிச்சரிவைப் பற்றியும் பேசப் புகுந்தால், 'கடலோரத்துக்காரருக்கு மலைமேல் என்ன வேலை?' என்று நீங்கள் வினவலாம். வினவுவது நியாயமே. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்வேன்.

முதற்காரணம் உப்பு. என் சிறுவயதில் எண்ணூரைக் கடந்து அத்திப்பட்டுப் பக்கம் சென்றால், உப்பளங்களின் ஓரத்தில் வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்கும். என் தாய்மாமன் அங்கே வேலை பார்த்து வந்தார். ஒரு விடுமுறை நாளில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு சென்ற நான், அவர் கண்ணில் படாமல் ஒரு குவியலின் பின்புறமாக ஏறினேன். சில நாள்களுக்கு முன் பெய்த மழையினால் அதன் மேற்புறம் ஓடுபோல் இறுகியிருந்தது. காலால் தட்டிப் பார்த்தேன்; கல்லைப்போல் இருந்தது. ஆனால் மறுபுறத்தில் ஆட்கள் அடியிலிருந்து உப்பை வாரியெடுத்திருந்தார்கள் என்பதை நான் பார்க்கவில்லை. உச்சியை அடைந்ததும் ஓடு பிளந்தது. உப்போடு உப்பாக நானும் சரிந்து, இடுப்பளவு புதைந்து நின்றேன். மாமன் ஓடிவந்து என்னை இழுத்தெடுத்தார். முழங்காற் சிராய்ப்பில் உப்புப் பட்ட எரிச்சலைவிட, அவர் சொன்ன சொல்தான் இன்றும் நினைவில் நிற்கிறது: "மேலே கெட்டியாக இருந்தால் உள்ளேயும் கெட்டி என்று நினைத்தாயாடா? ஏறுவதற்கு முன்னே அடியைப் பார்க்க வேண்டாமா?"

இரண்டாவது காரணம் துயரமானது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் நாள், சியாச்சின் பனிப்பரப்பில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த இராணுவக் காவல்நிலை ஒன்றின்மீது பெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அங்கே காவல் புரிந்தவர்கள் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவினர். பத்து வீரர்கள் புதைந்தனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட ஹனுமந்தப்பா என்னும் கர்நாடக வீரரும், பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் உயிர் நீத்தார். வெண்பனியே விழாத மாவட்டங்களில் பிறந்த பிள்ளைகள் வெண்பனியின் அடியில் மாண்டனர். ஆகவே, இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

சியாச்சினில் நிகழ்ந்தது பனிக்கட்டிச் சுவரின் இடிவு. அதனை முன்னறிதல் மிகமிகக் கடினம். ஆனால் மலைச்சாய்வில் படிந்த வெண்பனி சரிவது வேறுவகை. 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், காஷ்மீரத்துக் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில், பயிற்சியிலிருந்த படைவீரர் 17 பேரைக் கொன்றது இவ்வகைச் சரிவே. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், உத்தரகண்டத்தின் 'திரௌபதி கா டண்டா' சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் கிடைத்தன; இருவர் காணாமற் போயினர். அவர்களுள் பெரும்பாலோர் பயிற்சி பெற வந்தவர்கள். பலர் உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள்.

இத்தகைய சரிவை முன்கூட்டியே உணர வழியுண்டா? முழுமையாக இல்லை, ஆனால் பெருமளவு உண்டு. அந்த வழியை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு குவியலைக் கருதுவோம். உப்பையோ மணலையோ நிலக்கரியையோ மேலிருந்து கொட்டிக்கொண்டே இருங்கள். குவியல் உயரும், ஆனால் அதன் பக்கச் சாய்வு ஓர் அளவுக்குமேல் செங்குத்தாகாது. அவ்வளவைக் கடந்தால் மணிகள் தாமே உருண்டு இறங்கி, சாய்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். காய்ந்த மணலுக்கு அந்த அளவு ஏறத்தாழ 34 பாகை. எண்ணூரில், இன்று காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்ற இடத்தில் இறங்கும் நிலக்கரியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே.

புதிதாகப் பொழிந்த, ஒட்டாத வெண்பனியும் செங்குத்தான பாறையோரங்களில் இவ்வாறு சரிவதுண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி, விசிறிபோல் விரிந்து இறங்கும். இது பெரும்பாலும் சிறியது. ஆனால் மக்களைக் கொல்வது பெரும்பாலும் இதுவன்று. குவியலைக் கண்டு பழகிய நம் மனம் ஏமாந்துபோவது இங்கேதான்.

கொல்லும் சரிவு பலகைபோல் பெயர்வது. அதனைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மணைப்பலகை ஒன்றின்மேல் மற்றொரு சிறுபலகையை வைத்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நெடுநேரம் மேற்பலகை நகராது. இப்போது இரண்டிற்கும் நடுவே ஒரு கைப்பிடி கேழ்வரகைப் பரப்பிவிட்டுச் சாயுங்கள். சற்றுச் சாய்த்ததுமே மேற்பலகை முழுவதும் ஒரே வீச்சில் வழுக்கி விழும். அது மணிமணியாக உதிரவில்லை. முழுப் பலகையாகவே பெயர்ந்தது. பலகை உறுதியானது, அடியிலிருந்த மெல்லிய அடுக்குத்தான் அதனை ஏமாற்றியது. மலையிலும் இதுவே நிகழ்கிறது. இறுகிய வெண்பனி மேலே பலகையாக இருக்கிறது. அதன் கீழ் எங்கோ ஒரு நலிந்த அடுக்கு ஒளிந்திருக்கிறது.

அந்த நலிந்த அடுக்கு எவ்வாறு உண்டாகிறது? நம் ஊருக்கு வங்கக் கடலினின்றும் புயல்கள் வருவதுபோல, இமயத்தின் மேற்குப் பகுதிக்குக் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடற்பக்கமிருந்து 'மேற்கத்திய இடையூறுகள்' என்னும் காற்றுச் சுழல்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஓர் அடுக்கு வெண்பனியைப் படியவைத்துச் செல்லும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வெயில் காயும், காற்று வீசும், கடுங்குளிர் நிலவும். ஆகவே மலைமேல் உள்ள வெண்பனி ஒரே பொருளன்று. நாள்குறிப்பேட்டின் பக்கங்களைப்போல் அடுக்கடுக்காக இருப்பது. ஒவ்வோர் அடுக்கிலும் அது படிந்த நாளின் வானிலை எழுதப்பட்டிருக்கிறது.

இடைப்பட்ட நாள்களில் இருவகைத் தீங்குகள் நேரும். ஒன்று, மேற்பரப்பில் நேர்வது. மார்கழியில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் நம் ஊரில் பனித்துளி படிகிறது. உதகமண்டலத்தில் அதுவே உறைந்து புல்மேல் வெண்துகளாய் மின்னுகிறது. அவ்வாறே, வெண்பனியின் மேற்பரப்பிலும் இறகு போன்ற படிகங்கள் முளைக்கின்றன. பார்க்க மிக அழகியவை. அடுத்த பொழிவு அவற்றை அப்படியே மூடிவிட்டால், நிமிர்ந்து நிற்கும் அந்த இறகுகள் பாரத்தைத் தாங்கிக்கொண்டு உள்ளே காத்திருக்கும்.

மற்றொன்று, ஆழத்தில் நேர்வது. வெண்பனியின் அடியில் நிலம் ஏறத்தாழ 0 பாகை வெப்பநிலையில் இருக்கும். மேற்பரப்போ இரவில் உறைநிலைக்குக் கீழே 15 பாகைகூடச் செல்லும். பனியின் தடிப்பு ஒரு மீட்டரே என்றால், அந்த ஒரு மீட்டருக்குள் 15 பாகை வேறுபாடு! மீட்டருக்கு 10 பாகைக்குமேல் வேறுபாடு இருந்தால், அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்திருந்த மணிகளைக் கரைத்து, கோணல் கோணலான, ஒட்டாத பெரும் படிகங்களாக மாற்றிவிடுகிறது. ஆகவே, பனி குறைவாகப் பெய்து குளிர் மிகுந்த முன்குளிர்காலம் மலைக்கு நன்மை செய்வதில்லை. மெலிந்த அடித்தளத்தையே அமைத்துவிடுகிறது. 'குளிர்ந்தால் இறுகும்' என்ற நம் எண்ணம் இங்கே பொய்க்கிறது.

இந்த அடித்தளத்தின்மேல் பெரும் பொழிவு ஒன்று வந்து பலகையாய் இறுகினால், கூட்டு முடிந்தது. இனி ஒரு தூண்டுதலே தேவை. சறுக்குக் கட்டைகள் பூண்ட ஒரு மனிதனின் எடை போதும். அவன் காலடியில் நலிந்த அடுக்கு நொறுங்கும். நெருக்கமாக நிறுத்திய செங்கற்களில் ஒன்று சாய்ந்தால் எல்லாம் சாய்வதுபோல, அந்த நொறுக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் சாய்வு முழுதும் ஓடும். 50 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் அரை மீட்டர் தடிப்பும் உள்ள ஒரு சிறு பலகையை எண்ணிப் பாருங்கள். கன மீட்டருக்கு 200 கிலோ என்று கொண்டாலும் அதன் எடை 250 டன். எண்ணூர்ச் சாலையில் பத்துப் பத்து டன் சுமந்து நிற்கும் 25 லாரிகளின் சரக்கு அது! நடுத்தரமான மலைச்சரிவே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையில் உலாவச் சென்று சரிவில் சிக்குவோரை ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பது நேர்வுகளில் அந்தச் சரிவைக் கிளப்பியவர் சிக்கியவரோ, அவருடன் சென்றவரோதான் என்று தெரிந்திருக்கிறது. இது அச்சம் தரும் செய்தி. ஆனால் நம்பிக்கையும் தரும் செய்தி. நாம் கிளப்பாவிட்டால் பெரும்பாலும் அது நம்மேல் விழாது.

இனி, மலையேறுவோர் எதனைப் பார்க்கின்றனர்? புறப்படுமுன் பார்ப்பது அறிக்கை. சென்னைத் துறைமுகத்தில் புயற்காலத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை இராயபுரத்துப் பிள்ளைகள் அறிவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. ஒன்றாம் எண் ஏறினால் புயல் தொலைவில் உருவாகியிருக்கிறது என்று பொருள். பனிமலைக்கும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஏற்றுக்கொண்ட அளவுகோலில் ஐந்து படிகள் உள்ளன. நம் நாட்டில் இதற்காகவே 1969இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. 2020இல் அது மற்றொரு பாதுகாப்பு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, சண்டிகரில் தலைமையகம் கொண்ட நிறுவனமாகி, சரிவு எச்சரிக்கைகளை வழங்கி வருகிறது.

இந்தப் படிகளைப் படிப்பதில் ஒரு பிழை நேர்வதுண்டு. ஐந்தில் மூன்று என்றால் 'நடுத்தரம். பரவாயில்லை' என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் படிக்குப்படி அபாயம் பன்மடங்காக ஏறுகிறது. ஐந்தாம் படியில் யாரும் வெளியே செல்வதில்லை. மூன்றாம் படியிலோ வானம் தெளிந்திருக்கும், வெண்பனி அழைக்கும், மக்கள் செல்வர். அதனாலேயே மூன்றாம் படியில் மாண்டோர் மிகப் பலர்.

அடுத்துப் பார்ப்பது சாய்வு. பலகைச் சரிவுகள் மிகப் பெரும்பாலும் 30 பாகை முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் நிகழ்கின்றன. அதனினும் குறைந்தால் பலகை நகர்வது அரிது. மிகச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சறுக்குவதற்கு இன்பமான சாய்வும் இதே 30 முதல் 45 வரைதான் என்பது இயற்கையின் விந்தை. கையடக்கக் கருவி ஒன்றினால் இதனை அளந்துவிடலாம். வெண்பனியின் உள்ளம் மறைபொருள். சாய்வோ மறைக்க முடியாதது. ஆகவே ஐயம் நேர்ந்தபோது மென்சாய்வைத் தேர்ந்தெடுப்பதே முதல் விதி. ஆனால் நிற்கும் இடம் மட்டும் மென்சாய்வாக இருந்தால் போதாது. தலைக்குமேல் செங்குத்தான சாய்வு இருந்தால், கீழிருந்தே அதனைக் கிளப்பிவிட நேரும். காலுக்குக் கீழே பள்ளமோ பாறையோ மரங்களோ இருந்தால், சிறு சரிவும் பெருங்கேடாகும்.

மூன்றாவது, அண்மைய வானிலை. ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் அளவு புதுப்பனி, அல்லது பலத்த காற்று, அல்லது திடீர் வெப்பம், அல்லது மழை: இவற்றுள் ஒன்றிருந்தாலும் கவனம் வேண்டும். காற்றை மக்கள் குறைத்து மதிப்பிடுகின்றனர். வானத்தினின்று ஒரு துகளும் விழாமலே, மலைமுதுகின் ஒருபுறத்துப் பனியை வாரி மறுபுறத்தில் பொழிவைப்போல் பன்மடங்கு வேகத்தில் குவிக்க வல்லது காற்று.

நான்காவது, மலை தானே சொல்லும் சொற்கள். அக்கம்பக்கச் சாய்வுகளில் புதிதாகச் சரிந்த தழும்பு. நடக்கும்போது காலடியில் 'ஊம்ப்' என்று பனி அமுங்கும் ஓசை. காலடியினின்றும் மின்னல்போல் ஓடும் வெடிப்பு. இவை ஐயத்துக்கு இடமில்லாத சான்றுகள். அந்த ஓசை நலிந்த அடுக்கு நொறுங்கும் ஓசை. அதனைக் கேட்டும் செங்குத்தான சாய்வில் ஏறுவோர், சங்கு ஊதிய பின்னும் தண்டவாளத்தில் நிற்பவரைப் போன்றவர்.

இவையெல்லாம் நூலிற் படித்தவை என்று நீங்கள் எண்ண வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் நான் குல்மார்க்குக்குச் சென்றேன். அங்கே தொங்கூர்தி ஒன்று மக்களை ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை அஃபர்வட் மலைக்கு ஏற்றிச் செல்கிறது. நாங்கள் ஐவர், உள்ளூர் வழிகாட்டி ஒருவர். காவலர் கண்காணிக்கும் பாதைகளை விட்டு விலகி, சறுக்குக் கட்டைகளின் அடியில் வழுக்காத பட்டைகளை ஒட்டிக்கொண்டு, நடந்தே ஏறினோம். பனி பொழிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. வானம் நீலமாக இருந்தது. எதிரே ஒரு பெருஞ்சாய்வு, மடிப்புக் குலையாத வேட்டிபோல் கிடந்தது.

வழிகாட்டி நின்றார். சாய்வை அளந்தார்: 36 பாகை. பிறகு அதே திசை நோக்கிய, ஆனால் ஆபத்தில்லாத சிறு மேட்டில் மண்வாரியால் ஒரு குழி தோண்டினார். குழியின் சுவரில் அடுக்குகள் தெரிந்தன. அவற்றின் இறுக்கத்தைக் கையாலேயே சோதித்தார். மூடிய முட்டி புகுந்தால் மிக மென்மை. நான்கு விரல் புகுந்தால் அதற்கடுத்தது. பின் ஒரு விரல், பென்சில், கத்தி என்று இறுக்கம் ஏறும். மேலே ஒரு விரல் மட்டுமே புகுமளவு இறுகியிருந்த அடுக்கு. அரை மீட்டர் ஆழத்தில் முட்டியே புகுந்துவிட்டது. கெட்டியின் அடியில் மெத்து! அந்த இடத்தினின்றும் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். பார்த்தேன், திகைத்தேன். கல்லுப்பு! மூலைகள் கொண்ட, பளபளக்கும், உருண்டை பிடித்தால் பிடிபடாத மணிகள். அத்திப்பட்டு என் கையில் இருந்தது.

பின்னர், 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பனித்தூண் ஒன்றைச் செதுக்கி, அதன்மேல் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து முறை தட்டினார். முழங்கையை அசைத்துத் தட்டத் தொடங்கினார். பதின்மூன்றாம் தட்டில் தூண் அந்த உப்பு அடுக்கில் வெட்டியதுபோல் முறிந்து முன்னே வழுக்கியது. தோளை அசைத்துத் தட்ட வேண்டிய கடைசிப் பத்துக்கு வேலையே இல்லை. மீண்டும் 90 சென்டிமீட்டர் அகலமுள்ள தூணைச் செதுக்கி, ஓர் ஓரத்தில் மட்டும் தட்டினார். ஓரத்தில் தோன்றிய முறிவு மறு ஓரம் வரை ஓடிற்று. இந்த இரண்டாவது சோதனையே முக்கியமானது. முறிவது ஒன்று, முறிவு பரவுவது மற்றொன்று. பரவும் முறிவே மலையைப் பெயர்க்கும்.

"திரும்புவோம்" என்றார்.

எங்களுள் ஒருவர் விடவில்லை. சாய்வின் மறுகோடியில் நேற்று யாரோ இறங்கிய தடங்கள் இருந்தன. "அவர்கள் போயிருக்கிறார்களே!" என்றார். வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். பலகையின் தடிப்பு எங்கும் ஒன்றாக இராது. தடித்த இடத்தில் ஒன்பது பேர் கடந்து செல்லலாம்; பத்தாமவர் மெலிந்த இடத்தில் கால்வைத்ததும் எல்லாம் பெயரலாம். தடம் என்பது அங்கே ஒருவர் சென்றார் என்பதற்கே சான்று. செல்லலாம் என்பதற்குச் சான்றன்று. "அப்படியானால் உங்கள் குழியும் ஓரிடத்துக்குத்தானே சான்று?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். "உண்மைதான். அதனால்தான், குழி நல்ல சேதி சொன்னால் நான் அதனை நம்புவதில்லை, கெட்ட சேதி சொன்னால் உடனே நம்பிவிடுவேன்" என்றார். நண்பர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவ்வளவு தூரம் சென்றிருக்கலாம். போவதற்குக் காரணம் தேடினால் எப்போதும் கிடைக்கும். போகாதிருப்பதற்குக் காரணம் உண்டா என்று தேடுவதே அறிவு.

மரங்கள் அடர்ந்த மென்சாய்வு வழியாக இறங்கினோம். மறுநாள் பார்த்தேன், அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் சரியவில்லை. என் மனத்தில் சிறிது ஏமாற்றம்கூடத் தோன்றியது. அதனை வழிகாட்டியிடம் சொன்னேன். "சரிந்தால்தான் நான் சொன்னது சரி என்று ஆகுமா?" என்று அவர் கேட்டார்.

சிந்தித்துப் பார்த்தால் இதுவே பனிமலையின் பெரிய தந்திரம். தவறான வினாவிடைக்கு ஆசிரியர் உடனே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார், நாம் திருத்திக்கொள்வோம். மலையோ அப்படியன்று. ஆபத்தான சாய்வில் இறங்கியவன் பலமுறை நலமாகவே வந்து சேர்கிறான். ஒவ்வொரு முறையும் 'நான் அறிந்தவன்' என்ற எண்ணம் அவனுக்கு வலுக்கிறது. தவறே தேர்ச்சியாகத் தோன்றுகிறது. இறுதித் தேர்வில் மட்டும் மறுவாய்ப்பு இல்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் இயன் மெக்கமன் நூற்றுக்கணக்கான விபத்துகளை ஆராய்ந்து, பயிற்சி பெற்றோரும் சிக்குவது ஏன் என்று கேட்டார். பழகிய சாய்வு என்ற துணிவு, எடுத்த முடிவை விடாத பிடிவாதம், பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, பிறர் முந்திவிடுவரோ என்ற பதைப்பு ஆகியவையே அறிவை மறைக்கும் திரைகள் என்று கண்டார். பனியின் நலிந்த அடுக்கு மலையில் மட்டும் இல்லை. மனிதனின் மனத்திலும் உண்டு.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் சிக்கினால்? ஒவ்வொருவரும் உடலோடு கட்டியிருக்கும் சிறு வானொலிக் கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஓயாமல் குறிப்பு அனுப்பும். தப்பியவர் தம் கருவியை ஏற்கும் நிலைக்கு மாற்றி, புதைந்தவரின் இடத்தைக் கண்டு, நீண்ட கோலால் குத்தி அறிந்து, மண்வாரியால் தோண்டுவர். காலம் மிகக் குறுகியது. முழுதும் புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் மூன்றில் ஒருவரே. வெளியூர் உதவி அதற்குள் வந்து சேராது. உடன் சென்றவரே உயிர் காக்க வேண்டும். ஆதலின், ஆபத்தான சாய்வைக் கடக்க நேர்ந்தால் ஒவ்வொருவராகவே கடப்பர். மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணிமைக்காமல் பார்த்திருப்பர். ஆயினும் கருவி, முடிவைத் திருத்தாது. தவறிய முடிவின் விலையைச் சற்றே குறைக்கும்.

குல்மார்க்கினின்றும் வீடு திரும்பிய சில நாள்களில் ஒரு விடியற்காலை, எங்கள் குப்பத்தின் கருங்கல் தடுப்பின்மேல் நின்றிருந்தேன். சிறு படகு ஒன்றைத் தள்ளுவதற்கு நால்வர் வந்தனர். மூத்தவர் ஒருவர் நெடுநேரம் அலையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்று கடல் அமைதியாகவே தோன்றிற்று. அவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். இளைஞர் மூவரும் பின்தொடர்ந்தனர். 'காரணம் காட்டு' என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று கடலில் ஏதேனும் நிகழ்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மறுநாள் அந்தப் படகு கடலுக்குச் சென்றது.

உங்களுள் யாரேனும் ஒருநாள் படைவீரராகவோ, மலையேறும் மாணவராகவோ, வெறும் சுற்றுலாப் பயணியாகவோ இமயத்தின் வெண்சாய்வு ஒன்றின்முன் நிற்கக்கூடும். அப்போது மேலே தெரியும் வெண்மையை வியந்து பாருங்கள், வியக்கத்தக்கதுதான். ஆனால் காலெடுத்து வைக்குமுன், உப்பளத்தில் என் மாமன் கேட்ட கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: அடியைப் பார்த்தாயா? விடை நிறைவு தரவில்லையெனில், வெட்கப்படாமல் திரும்பிவிடுங்கள். மலை அங்கேயே இருக்கும். மற்றொரு நாள் நீங்கள் போகலாம்.